மைனஸ்

ஹாரன் அடித்தால் ஹெட்லைட் கண்ணைச் சொருகும்.
இண்டிகேட்டர் போட்டால்
சூடு காட்டும் முள்ளும் கூடவே
எழுந்து எழுந்து உட்காரும்.
மழையில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று
யோசிக்கும்.
தொண்ணூற்றொன்பது மாடல் ஜென்,
நான் நாலாவது ஓனர்.

மகுடபதி பேட்டரியை மாற்றச் சொன்னான், மாற்றினேன்.
ஆல்டர்னேட்டரைச் சொன்னான், அதையும்.
"இனி வண்டியவே மாத்தோணுங்கக்கா" என்று
பல்லடத்துப் பட்டறையில் டீ வாங்கிக் கொடுத்தான்.
டீக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

ஞாயிறு. தறி நிற்கும் நாள்.
அந்த அமைதிக்குக் காது பழகுவதற்குள்
திங்கள் வந்துவிடும்.
மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில்,
இன்னொன்றை இன்ஜின் மேல் வைத்து
துணி துவைத்துக்கொண்டிருந்த ஜதுமணியைக் கூப்பிட்டு
சாவியைத் திருப்பச் சொன்னேன்.
ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில்
முக்கால் வோல்ட்.

போகிற வழியைத்தான் எல்லாரும் பார்க்கிறோம்.
சிவப்பு ஒயர், ஃபியூஸ், ரிலே,
அதற்கெல்லாம் நிறம் உண்டு, மூடி உண்டு.
திரும்பி வரும் வழிக்குத்
துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட்.
எர்த் என்கிறார்கள்.
மண்ணை அது தொட்டதே இல்லை.
நாலு ரப்பர் டயர் மேல் நின்றபடி
தகரத்தைப் பூமி என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

சோமனூர் பழைய இரும்புக் கடையில்
எடைக்கு வாங்கிய வெல்டிங் கேபிள்.
தோலைச் சீவினால் உள்ளே
முடியைவிட மெல்லிசாகச் செம்பு.
இழை எண்ணுவது என் பிழைப்பு,
இதை எண்ணவில்லை.
செம்பு லக்கில் திணித்து வைஸில் இறுக்கினேன்.
ஜதுமணி சம்மட்டியால் ரெண்டு போடு போட்டான்.
ஒடிசாக்காரன்; தமிழுக்கு முன்னால் 'ங்க' கற்றவன்.
"இழுத்துப் பாருங்கக்கா."
இழுத்தேன். தோள்பட்டை வலித்தது,
லக் அசையவில்லை.

முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும்,
கடைசியில்தான் மாட்ட வேண்டும்.
நடுவே இருப்பது சுரண்டல்.
உப்புத்தாள் தேயத் தேய
வெள்ளைக்குக் கீழே சிவப்பு,
அதற்கும் கீழே துரு,
துருவுக்குக் கீழே
மூன்று ஓனரும் பார்க்காத பளபளப்பு
ஒரு ரூபாய் அகலத்துக்கு.
இறுக்கி முடித்து, மேலே வாசலின் பூசினேன்,
குதிகால் வெடிப்புக்குப் பூசுகிறதுபோல.

பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று.
பாடிக்கும் இன்ஜினுக்கும் ஒன்று.
மிச்சத்தில் ஹெட்லைட் முதுகுக்கு ஒன்று.
"திருப்பு."
புள்ளி பூஜ்யம் ஆறு.
அவன் எட்டிப் பார்த்து, "கம்மியாயிருச்சேங்க!" என்று
வருத்தப்பட்டான்.

ஆடியில் அனுப்பிய துணிக்குத்
தை பிறந்தும் பணம் வரவில்லை.
திருப்பூரில் போன் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.
அங்கே எந்த போல்ட்டில் துருவோ.
அதைச் சுரண்டுகிற நம்பர் தாள்
கடையில் கிடைக்காது.

ராத்திரி தாராபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன்.
காற்றாடிகளின் உச்சியில் சிவப்பு மினுக்கம்.
வேப்பமரங்களின் வெள்ளைப் பட்டை வரிசையாக
முன்பே தெரிந்து முன்பே விலகியது.
முள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.
இடது கதவு விளக்கு மட்டும் அணையவில்லை.
அது வேறு வியாதி.

காலையில் மகுடபதி பட்டறையைத் தாண்டும்போது
வேணுமென்றே ஹாரனை அழுத்தினேன்.
லாரிக்கு வழிவிடுகிறவனாட்டம்
ஓரமாய் ஒதுங்கி நின்று,
அண்ணாந்து பார்த்தான்.